நாலால் வகுக்கத் தெரியாத அக்கா

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சூடாகும். அடுத்து வயிறு கலங்கும். மூன்றாவதாக வாய் திறந்துகொள்ளும். அதிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது. பெரும்பாலும் எதிரில் இருப்பவர் சிரிக்கும்படி ஏதாவது வரும். அவர் சிரித்துவிட்டால் கண்டம் தப்பியது. போலீஸ்காரர், ரயிலில் டிக்கெட் கேட்பவர், தோல் பட்டறை சேட், என் மாமனார் என்று எல்லோரையும் இப்படித்தான் கடந்து வந்திருக்கிறேன். தாராவியில் ஒருவன் ஐம்பது வயதுவரை அடிவாங்காமல் இருக்க வேண்டும் என்றால் ஒன்று உடம்பு வேண்டும், இல்லை வாய் வேண்டும். என் உடம்பை நீங்கள் பார்த்ததில்லை. பார்த்தால் சிரிப்பீர்கள், அதுவும் எனக்கு லாபம்தான்.

இந்த வாய் செல்லாத ஒரே இடம் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, சந்துக்கே அக்கா. அவளுக்கு ஜோக் புரியாது. சிடுமூஞ்சி என்று நினைத்துவிடாதீர்கள். முகத்தில் எப்போதும் ஒரு தெளிவு இருக்கும். நாம் சொல்வதைச் சொன்னபடியே வாங்கி வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். கிழிந்த நோட்டைக் கொடுத்தால் கடைக்காரன் திருப்பிப் பார்ப்பான், வெளிச்சத்தில் பிடிப்பான். அக்கா எந்த நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்ததில்லை.

எங்கள் சந்தில் யார் எதைச் சொன்னாலும் கேட்பவர் முதலில் "நெசமாவா?" என்பார். "தண்ணி வந்துட்டு" என்றாலும் நெசமாவா, "எதுத்த வீட்டுத் தாத்தா போயிட்டாரு" என்றாலும் நெசமாவா. மூச்சு விடுவது மாதிரி அது. அக்கா மட்டும் "சரி" என்பாள். நாலு மணிக்கு வாரேன் என்று ஒருவன் சொன்னால் மூன்று ஐம்பதுக்கு அவள் சந்து முனையில் குடையோடு நிற்பாள். வருகிறேன் என்றவன் வரவில்லை என்றால் அவனுக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போவாள். வேறு காரணம் அவளுக்குத் தோன்றாது.

எங்கள் கிறிஸ்தவ சபையில் கைத்தொழில் கடன் என்று ஒன்று இருந்தது. முலுண்டிலும் செம்பூரிலும் ஆபீஸ் வேலை பார்க்கிற சபைக்காரர்கள் காணிக்கையாகப் போடுகிற பணம். தாராவியில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு தொழில் வைத்துக் கொடுக்க அதைத் தருவார்கள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, போட்டோ கிடையாது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெண்கள் கூடுவார்கள். அங்கே எழுந்து நின்று, என்ன செய்யப் போகிறோம் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி அக்கா. நோட்டில் எழுத மாட்டாள். மனதில் வைத்துக்கொள்வாள். மூன்று வருடம் கழித்துக் கேட்டாலும் அதே வார்த்தையில், நாம் இழுத்த இடத்தில் இழுத்து, இருமிய இடத்தில் நிறுத்திச் சொல்லுவாள்.

நான் வேலை பார்த்த தோல் பட்டறையைச் சேட் மூடியபோது மாவு அரைக்கும் கிரைண்டருக்காக நாங்களும் போய் நின்றோம். கடன் என் மனைவி எஸ்தர் பேரில். வாய் என்னுடையது. அத்தனை பெண்கள் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்ததும் காது சூடாகிவிட்டது.

"கிரைண்டர் மட்டும் வந்துட்டுன்னா, எக்கா, கிங்ஸ் சர்க்கிள் ஓட்டல்காரனெல்லாம் தூக்குவாளியோட எங்க வாசல்ல லைன் கட்டி நிப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா, "சரி" என்றாள்.

மறுநாள் உச்சி வெயிலில் அவள் தாராவியிலிருந்து கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்தே போயிருக்கிறாள். மூன்று ஓட்டல்களில் ஏறி, "எங்க தம்பி வீட்டுக்கு கிரைண்டர் வருது. நீங்க வரிசையில நிப்பியன்னு சொன்னான். எடம் தெரியணும்லா? அதைச் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்" என்று வழி சொல்லியிருக்கிறாள். இரண்டு இடத்தில் விரட்டிவிட்டார்கள். மூன்றாவது ஓட்டலின் சாமான் அறைக்காரர் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அவர்கள் கிரைண்டர் பழுதான ஒரு வாரத்துக்கு ஐந்து கிலோ தினமும் எங்களிடம் வாங்கினார். என் வாழ்க்கையில் எனக்கு வந்த ஒரே பெரிய ஆர்டர் அது. வாளியை வாங்கிக்கொண்டு அவர் கேட்டார்: "என்ன ஓய், லைன் எங்கே ஆரம்பிக்கறது?"

இரண்டாம் மாதத் தவணை தப்பியது. தவணை தப்பினால் எங்கள் சபையில் யாரும் திட்ட மாட்டார்கள். அந்த வீட்டுக்கு ஜெபம் பண்ண வருவார்கள். இதைவிடக் கொடுமையான வசூல் பூமியில் இல்லை. வட்டிக்காரன் வந்தால் கதவைச் சாத்தலாம். ஜெபம் பண்ண வந்தவர்களுக்குப் பாய் விரித்து டீ போட வேண்டும். அவர்கள் உருகி உருகிப் பாடும்போது சந்தில் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

தூரத்தில் அக்காவின் குடையைப் பார்த்ததும் நான் ஓடிப்போய்ப் பொதுக் கழிப்பிடத்தில் கடைசிக் கதவுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன். வயிற்றால் போகிறது என்று சொல்லிவிடு என எஸ்தரிடம் சொல்லியிருந்தேன். அக்கா அதையும் நம்பினாள். பத்து நிமிடத்தில் வெளியே அவள் குரல் கேட்டது.

"தம்பி, உப்பும் சீனியும் போட்டுத் தண்ணி கொண்டாந்திருக்கேன். அவசரமில்ல, நிதானமா இரி. நாங்க இங்கயே ஜெபம் பண்ணுதோம்."

டப்பாவோடு வரிசையில் நின்ற ஆண்கள் முன்னிலையில், கடைசிக் கதவுக்குள் வேதனைப்படும் சகோதரனின் குடலைத் தொடும்படி ஆண்டவரிடம் மன்றாடினாள். "ஆமேன்" என்று வரிசையும் சேர்ந்து சொன்னது. ஒருவன் மட்டும், "பாய், ஜெபம் முடிஞ்சா வெளிய வா, எனக்கு உண்மையாவே அவசரம்" என்றான். வெளியே வந்து அவள் கொடுத்ததைக் குடித்தேன். மறுநாள் நிஜமாகவே வயிற்றால் போனது. ஆண்டவருக்கு ஜோக் புரியும் என்று அன்று தெரிந்துகொண்டேன். அக்காவுக்குத்தான் புரியாது.

இதுவரை சொன்னதெல்லாம் நீங்கள் சிரிப்பதற்காக. இனி வருவது நான் பயந்த கதை.

வருடத்துக்கு ஒருமுறை முலுண்டிலிருந்து கடன் கமிட்டிக்காரர்கள் வருவார்கள். அன்றைக்கு ஆராதனையில், கடன் வாங்கியவர் யாராவது மேடையேறித் தன் குடும்பம் உயர்ந்ததைச் சாட்சி சொல்ல வேண்டும். அந்த வருடம் பாஸ்டர் என்னைப் பிடித்தார். "அண்ணாச்சி, நீங்க நல்லாப் பேசுவிய. கொஞ்சம் உற்சாகமாச் சொல்லுங்க, என்னா? அடுத்த வருசத்துக்கும் அவ்வோ குடுக்கணும்லா?"

நாங்கள் அப்போது தினம் எட்டுக் கிலோ விற்றுக்கொண்டிருந்தோம். அதை வைத்து வாடகை கட்டலாம், தவணை கட்டலாம், மீன் வாங்க முடியாது. எட்டு என்று சொல்லத்தான் ஏறினேன். மேடையிலிருந்து பார்த்தால் முன்வரிசையில் இஸ்திரி போட்ட சட்டைகள். காது சூடாகியது. வாய் திறந்துகொண்டது.

"ஒரு நாளைக்கு நாப்பது கிலோ மாவு போகுதுய்யா. ரெண்டு மணிக்கெல்லாம் தீந்துருது. அதுக்குப் பெறவு வாற சனம் வெறும் பாத்திரத்தோட அழுதுக்கிட்டுப் போவுது. நான் துண்டெடுத்துக் கண்ணத் தொடச்சு விட்டு அனுப்புதேன்."

சபையே சிரித்தது. சட்டைகள் சிரித்தன. பாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் குற்றவாளி இல்லை என்று இன்றுகூட வாதாடலாம். சாட்சியில் சொன்னதை நாலால் வகுக்க வேண்டும் என்பது எங்கள் சபையில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். முழங்கால் வலி போனது என்றால் கால் பங்கு போயிருக்கிறது என்று அர்த்தம். நாற்பதை நாலால் வகுத்தால் பத்து. அப்படியும் இரண்டு கிலோ பொய் மிஞ்சுகிறதே என்பீர்கள். அதைத் துண்டால் துடைத்த கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வரிசையில் அக்கா சிரிக்காமல், கண் கலங்க உட்கார்ந்திருந்தாள். அவள் மனதில் நாற்பது ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் அவள் சொன்னாளாம்: "நம்ம தம்பி வீட்டுல நாப்பது கிலோ போகுது. வாற சனம் அழுதுட்டுப் போவுது. நம்ம சந்துல இன்னும் ஆறு கிரைண்டருக்கு எடம் இருக்கு."

நான் சொன்னால் வகுப்பார்கள். அவள் சொன்னால் யாரும் வகுக்க மாட்டார்கள். அவள் வாயில் பொய் வந்து ஒருவரும் கண்டதில்லை. என் வாயிலிருந்து கிளம்பியபோது வெறும் காற்றாக இருந்த அந்தச் சொல், அவள் வாய் வழியாகப் போனதும் கல்லாகிவிட்டது. ஆறு குடும்பங்கள் கடன் கேட்டன. ஒரே தொழிலுக்கு ஆறு பேரா என்று கமிட்டியில் யாரோ இழுத்தபோது அக்கா எழுந்து நின்றாள்.

"ஆறு வீட்டுக்கும் நான் பொறுப்பு."

அவளும் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டாள்.

வைகாசி வெயிலில் எங்கள் சந்தில் ஏழு கிரைண்டர்கள் ஓடின. தண்ணீர் வருவதே காலையில் கொஞ்ச நேரம். எல்லோரும் அதற்குள் அரிசி களைய வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட வேண்டும். ஃபியூஸ் போகும். பாதி அரைத்த உளுந்தோடு ஏழு வீட்டுப் பெண்களும் வாசலில் நின்று ஒருவரையொருவர் முறைப்பார்கள். சாயந்திரத்துக்கெல்லாம் மாவு பொங்கிப் பாத்திரத்தைத் தாண்டி வழியும். சந்து முழுக்கப் புளித்த வாசனை. வாங்கத்தான் ஆள் இல்லை. முன்பு எங்களிடம் வாங்கியவர்களே இப்போது விற்கிறார்கள். மீந்ததை ஒருவர் வீட்டுக்கு ஒருவர் கொடுத்தோம். அவர்கள் மீந்ததை நமக்குக் கொடுத்தார்கள். மூன்று வேளையும் தோசை. எஸ்தர் ஒருநாள் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "சனம் அழுதுட்டுப் போவுதுன்னு சொன்னியள்லா? தோ, அழுதுக்கிட்டே திங்குதோம்."

பக்கத்து வீட்டுச் செல்வி கிரைண்டருக்கு இடம் வேண்டும் என்று தையல் மிஷினை விற்றிருந்தாள். ஜாக்கெட் தைத்து எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தவள். மூன்று பிள்ளைகள். ஒருநாள் என் வாசலில் வந்து நின்றாள். கேலியாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டாள்.

"அண்ணாச்சி, அந்த அழுதுட்டுப் போற சனத்துல ஒரு நாலு பேர எங்க வீட்டப் பக்கம் அனுப்பக் கூடாதா?"

அன்றே சொல்லியிருக்கலாம். "அனுப்புதேன்ம்மா" என்றேன்.

அன்று சாயந்திரம் அக்கா வந்தாள். "தம்பி, ஒனக்கு நாப்பது போகுதுல்லா. அதுல ஒரு நாலு கிலோவ செல்விக்கு விட்டுக் குடு. ஒனக்கு ஒண்ணும் கொறையாது."

அப்போதும் சொல்லியிருக்கலாம். என் காதில் அப்பளம் பொரிக்கலாம் போல் இருந்தது. "நாலு என்னக்கா நாலு, அஞ்சா எடுத்துக்கிடச் சொல்லு!" என்று என் வாய் சொன்னது. அப்போது எங்களுக்கு ஓடிக்கொண்டிருந்ததே ஐந்து கிலோதான். அக்கா என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனாள். உள்ளேயிருந்து எஸ்தர், "ரொம்பப் பெரிய மனசு" என்றாள். ஐந்து கிலோ கிடைத்தும் செல்வி தேறவில்லை.

ஆறு வீட்டிலும் தவணை நின்றது. அக்கா வீடு வீடாக ஜெபித்தாள். பாடிப் பாடித் தொண்டை கட்டியது. கிரைண்டர்களை விற்றால் கால் விலைக்குத்தான் கேட்டார்கள், அந்தப் பணமும் பிள்ளைகளின் பீஸுக்குப் போனது. வருட முடிவில் கமிட்டி உட்கார்ந்தது. இவ்வளவு பணம் திரும்பாவிட்டால் புதிதாக யாருக்கும் கொடுக்க முடியாது, கடன் பெட்டியைப் பூட்ட வேண்டியதுதான் என்றார்கள். அக்காவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேவையே இல்லை. அவள் சொன்ன வாக்கியம் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

அவளுக்குச் சொந்தமென்று இருந்தது ஒரு கோலி. பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை, மேலே ஏணி வைத்து ஏறும் ஒரு தட்டு. கணவர் இறந்தபின் மேல்தட்டை வாடகைக்கு விட்டுத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதை விற்றாள். ஆறு வீட்டுக் கடனையும் கட்டினாள். கமிட்டிக்காரர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு அவளுக்காக நீண்ட ஜெபம் செய்தார்கள். நானும் அங்கே கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். வாய் திறந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்று மாதத்தில் பாஸ்டருக்கு வேறு சபைக்கு மாற்றல் ஆனது. வந்த புதியவருக்கு இந்தக் கடன் விஷயத்தில் விருப்பமில்லை. பெட்டி எப்படியும் பூட்டப்பட்டது.

மானக்குர்த் பக்கம் வாடகைக்கு ஒரு மூலை பிடித்துக்கொண்டு அக்கா போய்விட்டாள். சில வருடம் கழித்து, தாராவியை இடித்துக் கட்டப் போகிறோம் என்று கணக்கெடுக்கிறவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு கோலியாக அளந்து கதவில் எண் எழுதினார்கள். நம்பர் வாங்கியவர்களுக்கு எங்கோ ஒரு மாடியில் வீடு வருமாம். வருமோ வராதோ, எங்கே வருமோ, எங்களுக்கே தெரியாது. ஆனால் கனவு காணவாவது கதவில் ஒரு நம்பர் வேண்டும். அக்காவின் பழைய கதவில் எழுதிய நம்பர், அந்தக் கோலியை வாங்கியவனுக்குப் போனது. பெயிண்ட் காயாமல் கீழே வடிந்திருந்ததை நான் நின்று பார்த்தேன்.

அதிலிருந்து எனக்கு மாரில் எறும்பு ஊர்வது மாதிரி ஒரு பயம். டாக்டர் வாயுக்கோளாறு என்றார். எஸ்தருக்கு என்னவென்று தெரியும்.

"அவ்வோட்டப் போயி சொல்லிரலாம்னு பாக்கியளா?"

"ஆமா. மன்னிப்புக் கேட்டா மனசு லேசாவும்லா?"

"ஒங்களுக்கு லேசாவும். நீங்க எறக்கி வைக்குத சொமைய யாரு தூக்குவா? அவ்வோளே எல்லாம் போயி நிக்காவ. பேசாம இருங்க."

எஸ்தர் சொல்வது எப்போதும் சரி. நான் எப்போதும் அதைச் செய்வதில்லை.

அக்கா கிங்ஸ் சர்க்கிளில் அதே மூன்றாவது ஓட்டலில் வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போன மாதம் போனேன். மத்தியானக் கூட்டம் ஓய்ந்த மூன்று மணி. பின்பக்கத்துச் சந்தில், கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து சாம்பார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. உள்ளே எங்கள் சந்தின் ஏழு கிரைண்டரையும் ஒன்றாகச் சேர்த்தால்கூட ஈடாகாத ஒரு பெரிய கிரைண்டர் ஓடும் சத்தம்.

"வா தம்பி. எஸ்தர் சொகமா? வயிறு இப்ப எப்படி இருக்கு?"

அத்தனை வருடம் கழித்து என் வயிற்றை விசாரித்தாள். நான் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"எக்கா, நாப்பது கிலோ இல்லக்கா. எட்டு."

"எது?"

"அன்னைக்கு சாட்சி சொன்னேன்லா. சும்மா சொன்னேங்க்கா. பயத்துல வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

அவள் கையிலிருந்த வெங்காயத்தை முறத்தில் போட்டாள். பிறகு என் குரலில் ஆரம்பித்தாள்.

"ஒரு நாளைக்கு நாப்பது கிலோ மாவு போகுதுய்யா. ரெண்டு மணிக்கெல்லாம் தீந்துருது. அதுக்குப் பெறவு வாற சனம் வெறும் பாத்திரத்தோட அழுதுக்கிட்டுப் போவுது." அங்கே நிறுத்தினாள். நானும் அன்று அங்கேதான் நிறுத்தியிருந்தேன். "இந்த எடத்துல எல்லாரும் சிரிச்சாவ."

"ஆமாக்கா."

"சந்தோசத்துல சிரிக்காவன்னுல்லா நெனச்சேன்."

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப பாஸ்டருக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"முலுண்டுக்காரங்களுக்கு?"

"எல்லாருக்கும் தெரியும்க்கா. சாட்சின்னா கொஞ்சம் கூடத்தான் சொல்லுவாவன்னு..."

"செல்விக்கு?"

செல்வியும் என் சொல்லை வகுத்திருப்பாள். அக்கா சொன்னதை அவள் வகுக்கவில்லை. நான் சொல்லாமலேயே அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். விரல்கள் வெங்காயத்தைத் தொடாமல் மடியில் கிடந்தன.

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியல" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மன்னித்தேன் என்பாள் என்றுகூட ஒரு பேராசை இருந்தது. என் காது சூடாகி, வயிறு கலங்கி, வாய் திறந்துகொண்டது. ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை. உள்ளேயிருந்து யாரோ வெங்காயம் கேட்டுச் சத்தம் போட்டார்கள். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டியிருந்தது.

சும்மா போக மனம் வரவில்லை. "வாற செவ்வாக்கெழம வாரேன்க்கா. எஸ்தரையும் கூட்டிட்டு வாரேன். மூணு மணிக்கு."

வாசற்படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள். என் முகத்தை இதற்குமுன் அப்படி அவள் பார்த்ததில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"நெசமாவா, தம்பி?"

"ஆமாக்கா" என்றேன்.

"சரி" என்று அவள் சொல்லவில்லை. நின்று நாலால் வகுத்துக்கொண்டிருந்தாள்.